ஜாடியின் அடியில் ஒரு பிடி

பார்சல் அலுவலக வாசலில் இருந்த வருகைப் பதிவு இயந்திரம் அன்று அவள் விரலை ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. கட்டைவிரலுக்கும் அதே கதிதான். காவலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, விடியக்காலையிலேயே துணி துவைச்சீங்களா? விரலெல்லாம் இப்படி ஊறிக் கெடக்கு?"

அவள் துவைக்கவில்லை. முகம் கழுவியதோடு சரி, அதுவும் காய்ந்து நெடுநேரமாயிற்று. ஆனால் விரல் நுனிகள் வெளுத்து, வரி வரியாகச் சுருங்கி, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தவை போல் இருந்தன. மூக்கருகே கொண்டுபோனாள். கிராம்பு வாசனை. அதற்கும் அடியில், மெல்லியதாக, ரம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் என்பதால் அலுவலகம் அரை நாள்தான். யார் யார் வீட்டுக்கோ போகிற கேக் டப்பாக்களையும் புட்டிகளையும் ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தொட்ட ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் தேன்நிறத்தில் ஓர் ஈரக் கைத்தடம் பதிந்தது. பக்கத்து மேசைக்காரி மூக்கை உறிஞ்சிவிட்டு, "எந்தப் பெட்டியிலயோ சரக்கு ஒழுகுதுடி" என்றாள். அவள் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

வீட்டில் ஜாடி காத்திருந்தது.

அது மாமியாரின் பீங்கான் ஜாடி. உலர்திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் ரம்மில் ஊறப்போட்டு, கிராம்பும் பட்டையும் தூவி, துணியால் வாய்கட்டி அலமாரி இருட்டில் வைத்திருப்பார். கேக்குக்கு எடுக்கும்போது முழுவதையும் எடுக்கக் கூடாது. அடியில் ஒரு பிடி மிச்சம் வைக்க வேண்டும். அடுத்த வருடப் பழங்கள் அதன் மேல்தான் விழும். அந்த ஒரு பிடி, மாமியாரின் மாமியாருக்கும் முந்தைய காலத்திலிருந்து அடியில் கிடப்பதாக அந்தக் குடும்பத்துக்குப் பெருமை.

இன்னொரு வழக்கமும் உண்டு. கேக்கின் முதல் துண்டு மூத்தவருக்கு. அவர் ருசி பார்த்துச் சொல்லும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். மாமியார் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயில் போட்டு உருட்டுவார். எல்லோரும் காத்திருப்பார்கள். பிறகு வருடம் தவறாமல் அதே தீர்ப்பு.

"கேக்கு பரவால்ல. இவதான் இன்னும் ஊறணும்."

மேசை குலுங்கச் சிரிப்பார்கள். தட்டை ஏந்தியபடி நின்றுகொண்டு அவளும் சிரிப்பாள். அந்த மேசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்ததில்லை. பரிமாறுகிறவள் உட்கார்ந்தால் யார் பரிமாறுவது?

மழைக்காலத்தில் மாமியார் இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய அன்றே அவள் ஜாடியைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். கறுப்பாக, தார்போல் ஏதோ ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கையை விட்டு வழித்தாள். நகத்தால் சுரண்டினாள். கொதிநீர் ஊற்றி அலசி, வெயிலில் காயவைத்தாள். பிறகு புதுப் பழம், புது ரம். யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த வருடக் கேக் தன் கேக்காக இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, உட்கார்ந்து, அதில் ஒரு துண்டு தின்ன வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது துணியை அவிழ்த்தாள். ஊற்றிய ரம் ஊற்றிய அளவிலேயே நின்றது. ஒரு திராட்சையை எடுத்தாள். கடையில் வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே வற்றி, சுருங்கி, கல்லாக இருந்தது. இத்தனை நாள் ரம்மில் கிடந்தும் அதன் தோலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஜாடிக்குள் முகர்ந்தாள். பச்சைத் தண்ணீர் போல் ஒரு வாசனையும் இல்லை.

வாசனை அவள் கையில் இருந்தது. மணிக்கட்டைத் தாண்டியிருந்தது.

சாயங்காலம் எல்லோரும் வந்துவிடுவார்கள், யோசிக்க நேரமில்லை. இருந்த பழம் மொத்தத்தையும் மாவில் கொட்டினாள். அடியில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ரம்மைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அடுப்பை மூட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாத்தனார் வந்தாள். பின்னாலேயே ஒயின் புட்டிகளோடு கொழுந்தன். கணவன் வெந்த கோழியைத் துண்டுபோட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். நாத்தனார் சமையலறைக்குள் வந்து மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"அம்மா வாசம் அப்படியே இருக்கு!"

அடுப்புப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராக வந்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, இவளைக் கட்டிக்கொண்டாள். கழுத்தருகே மூக்கை வைத்தாள். எடுக்கவில்லை.

"அக்கா... கேக் அங்க இருக்கு."

"தெரியும்டி."

கொழுந்தன் காலி ஜாடியைத் தட்டிப் பார்த்தான். "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்லுவாங்க. ரெண்டு பேர் கைபட்டும் இது உடையாம இருக்கே! அடியில ஒரு பிடி இருக்குல்ல அண்ணி?"

"இருக்கு" என்றாள். நாக்கில் கிராம்பு உறைத்தது.

சாப்பாடு முடிந்தது. மெழுகுவத்திகள் பாதி கரைந்திருந்தன. கணவன் கேக்கை வெட்டி, முதல் துண்டைத் தலைமாட்டில் இருந்த காலி நாற்காலியின் முன்னால் வைத்தான். மரியாதைக்கு வைக்கிறான், ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவான் என்று நினைத்தாள்.

எடுக்கவில்லை. யாரும் அசையவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்களைத் தாழ்த்தி, மாமியார் இருந்தபோது காத்திருந்ததைப் போலவே காத்திருந்தார்கள். தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போன சத்தம் தேய்ந்தது. மெழுகு சொட்டியது.

பிறகு மெல்லும் சத்தம்.

மெதுவாக. ஈரமாக. நாற்காலிப் பக்கமிருந்து.

ஒரு திராட்சை தட்டில் விழுந்து உருண்டது. டொக்.

துண்டின் ஓரம் காணாமல் போயிருந்தது.

நாத்தனார் காலி நாற்காலிப் பக்கம் சாய்ந்து காது கொடுத்தாள். தலையாட்டினாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலக் கணவன் கேட்டான்.

"பழம் ஊறலையாம். அடியில இருந்ததை இவ வழிச்சுக் கொட்டிட்டாளாம்."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஓடியிருப்பாள். அந்தக் கண்களில் இருந்தது பசி.

"பரவால்லையாம்" என்றாள் நாத்தனார். "இவ ஊறிட்டாளாம்."

கொழுந்தன் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க அண்ணி. எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க?"

இத்தனை வருடமும் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ரம்தான் வழிந்தது. முழங்கால்கள் தாமாக மடங்கின. சுருக்கம் முழங்கையைத் தாண்டி, தோளைத் தாண்டி, கன்னத்தில் ஏறுவது தெரிந்தது. சட்டைக் கையிலிருந்து சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்தது.

நாத்தனார் ஜாடியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"மொத்தத்தையும் தின்னுடாதீங்கடா. அடியில ஒரு பிடி வைக்கணும்."

கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு மெதுவாக அவன் தொட்டதில்லை. இன்னொரு கையில் கத்தி. வலிக்கவில்லை. கேக்கில் இறங்குவது போல இறங்கியது.

முதல் துண்டு காலி நாற்காலிக்குப் போனது.

எல்லோரும் கண்களைத் தாழ்த்திக் காத்திருந்தார்கள்.

அவளும் காத்திருந்தாள்.