ராமரின் முக அச்சு

திண்டுக்கல்லில் ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கியைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். முன்கூடத்தில் ஓவியக் காட்சி, பின்கட்டில் களிமண் வகுப்பு. மழை பெய்தால் சுவர்கள் இன்னமும் புகையிலை நெடியைக் கக்கும்.

1962 ஐப்பசியில் ஒரு நண்பகல், எரியோட்டிலிருந்து பஸ் ஏறி வந்த அங்காளம்மாள் சிற்ப வாத்தியார் சூசைராஜ் முன்னால் நின்றாள்.

"அண்ணே, அவுக மூஞ்சி ஒங்ககிட்ட இருக்காம்ல? வீட்டுல ஒரு போட்டோகூடக் கெடையாது. அதக் காட்டித்தான் தேடணும்."

அவள் கணவன் ராமர் அங்கே வகுப்புக்குக் களிமண் மிதித்துக் குழைத்துக் கொடுத்தவன். காணாமல்போய் எட்டு மாதம். அதற்குச் சில நாள் முன்புதான், மாணவர்களுக்குச் செய்து காட்ட அவன் முகத்தில் சூசைராஜ் அச்சு எடுத்திருந்தார்.

அச்சு எடுப்பது எளிது. முகத்தில் எண்ணெய் பூசி, மூச்சுவிட மூக்கில் இரண்டு குழல் செருகி, கண்ணை இறுக மூடச் சொல்லி, குழைத்த பிளாஸ்டரை அப்ப வேண்டும். அரை மணியில் கல்லாகிவிடும். கழற்றினால் உள்ளே குழிவாக ஒரு முகம். அந்தக் குழியில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி பிளாஸ்டர் ஊற்றினால் ஆள் அப்படியே வெளியே வருவான். மூடிய கண் மூடியபடியேதான் வரும். வேறு மாதிரி வர வழியே இல்லை.

"தூங்குற மூஞ்சிதான் தாயி வரும்" என்றார்.

"வீட்டுல மட்டும் நான் வேறெதப் பாத்தேன்?" இடது மூக்கில் மூக்குத்தி மின்ன அங்காளம்மாள் சிரித்தாள்.

ஊற்றினார். இறுகியதும் கழற்றினார்.

கண்கள் திறந்திருந்தன.

அச்சுக்குள் விரல்விட்டுத் தடவினார். இமைகள் மூடித்தான் இருந்தன. "காத்துக் குமிழி பூந்திருக்கும்" என்று முணுமுணுத்து, மறுபடி ஊற்றினார்.

இம்முறை கன்னங்கள் ஊதியிருந்தன. பிளந்த வாய் நிறையச் சேறு போல ஏதோ.

"இன்னொண்ணு ஊத்துங்கண்ணே."

"வேணாம் தாயி."

"ஊத்துங்க."

மூன்றாவதில் மூக்கு இல்லை. உதடும் இல்லை. பல்வரிசை மட்டும்.

"அப்ப இனி பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலைய வேணாம்" என்றாள் மெதுவாக. "எங்க கெடக்காகன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குதே."

அச்சைக் கேட்டாள். தொலைந்தால் போதுமென்று கொடுத்துவிட்டார். முந்தானையில் சுற்றி இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை, சூசைராஜ் பூட்டைத் திறந்து உள்ளே போனார். வகுப்பு மேசையின் மேல் அச்சு இருந்தது.

குழிக்குள் கைவிட்டார். ராமரின் மீசை இல்லை.

சின்ன மூக்கு. இடது பக்கம் மூக்குத்தி.

அங்காளம்மாள்.

கையை எடுப்பதற்குள், உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது.