சாயக்காரர் தெருவின் நீர்த்தொட்டி

மேற்கே சிவந்திருந்த வானம் மெல்லக் கருநீலமாகி, வெள்ளாற்றின் மணல் திட்டுகளைத் தழுவி ஓடிய நீரில் பிறைநிலாவின் முதல் ஒளி விழுந்த அந்த வேளையில், அக்கரை மூங்கில் காட்டுக்கு மேலே பகைவர் பாசறையின் புகை எழுந்துகொண்டிருந்தது. வாசகர்களே, மறுநாள் விடியலில் ஏழிற்கோட்டையின் கதவுகள் அடைபடும். பிறகு ஆற்றுக்கு வழி கிடையாது. கோட்டைக்குள் நிற்கும் குன்றின் சுனையிலிருந்து சுட்ட மண் குழாய்களில் வரும் புதுநீரே கதி.

அந்த நீரைத்தான் யாரும் நம்பவில்லை. சாயக்காரர் தெருவில் பதினொரு பேருக்குப் பேதி கண்டிருந்தது. நீர் தூயது என்று மும்முறை பறை அறைந்தும் பயனில்லாமல், இரவுக்குள் வெளியேறிவிட வீடுதோறும் மூட்டை கட்டினார்கள். அவர்கள் போய்விட்டால் மதிலைக் காக்க ஆளில்லை. ஆகவே கோட்டையின் அரசி வரகுணை, எளிய சேலை உடுத்தி, இடுப்பில் குடத்துடன் அத்தெரு நீர்த்தொட்டிக்குத் தனியே வந்தாள். அங்கே சாத்தி என்பவள் மட்டும் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

இந்த நீரைக் குடிப்பதில்லையா என்று வரகுணை கேட்டாள்.

“துணி குடிக்குது. அதுக்கு வயிறு கிடையாதே, அம்மா.”

அரண்மனை வைத்தியரே குடித்துப் பார்த்தாராமே என்றதற்குச் சாத்தி சிரித்தாள். “ஒரு நாள் குடிச்சார். ஆனா தினம் காலையில பட்டத்து யானை மேல அரண்மனைக்கு ஆத்துத் தண்ணி போகுதே, அது யாருக்காம்?”

குலதெய்வத்தின் திருமஞ்சனத்துக்கும் மடைப்பள்ளிக்கும் ஆற்றுநீர் கொணர்வது பாட்டனார் காலத்து வழக்கம். அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. குழாய் அமைத்த எயினனிடம் நெஞ்சையே கொடுத்திருந்த வரகுணையும் குழாய்நீரால் நாவை நனைத்ததில்லை.

தெருக்கோடியில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த எயினன் அவளை அடையாளம் கண்டு கரையேறி வந்தான்.

“தேவி, மற்றக் குழாய்கள் பழுதற்றவை. இத்தெரு மூட்டில் மட்டும் சாந்து பிளந்து கழிவு கசிகிறது. கசிவைக் கண்ட அன்றே அமைச்சரிடம் சொன்னேன். ஒன்றைச் சொன்னால் மக்கள் எல்லாவற்றையும் அஞ்சுவார்கள் என்று தடுத்துவிட்டார்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“பறை அறைந்தது தங்கள் பெயரால். தாங்கள் அறிவீர்கள் என்றே எண்ணினேன்.”

சாத்தியின் கையிலிருந்த துணி தொட்டிக்குள் நழுவியது. அரசி வந்திருக்கும் செய்தி பரவித் தெரு நிறைந்தது. வரகுணை எதையும் மறைக்கவில்லை. இத்தெரு நீர் கெட்டது, பறையில் சொன்னது பொய், அந்தப் பொய் தன் பெயரில் வந்தது என்றாள். எயினன் அப்போதே எல்லோர் கண்முன்னும் அத்தொட்டிக்கு வரும் குழாயை அடைத்தான்.

பிறகு வரகுணை கூட்டம் சூழ அடுத்த தெருத் தொட்டிக்கு நடந்து, இரு கைகளாலும் நீரை அள்ளினாள். “குலதெய்வத்தின் மீது ஆணை. முற்றுகை முடியும்வரை நான் அருந்துவது இத்தொட்டி நீரே. அதுவும் உங்கள் கண்ணெதிரே.”

அவள் குடித்து முடிக்கும்வரை சாத்தி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குடத்தையும் நிரப்பினாள், ஆனால் குடிக்கவில்லை.

“விடியட்டும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நாங்களும் குடிக்கிறோம்.”

“விடிந்தால் கதவு அடைபட்டுவிடுமே, சாத்தி.”

“தெரியும்,” என்று சொல்லிவிட்டு, சாத்தி தொட்டியோரத்தில் உட்கார்ந்தாள்.