ஆள் கணக்கு

கூடத்தில் இருந்தது ஆறு பேர்தான். ஆனால் ஆறாவது, கடைசி ஆளான இளங்கோவன் இந்தியில் "சே" என்று சொல்லி முடித்ததும், அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ "சாத்" என்றார்கள். ஏழு.

பட்டாளத்தில் சாயங்காலம் ஆள் கணக்கு எடுப்பதற்கு 'கிந்தி' என்று பெயர். வரிசையில் நிற்பவர்கள் இந்தியில் ஆளுக்கோர் எண் சொல்லவேண்டும். திருத்தணி மலையடிவாரத்தில் முன்னாள் ராணுவத்தினரின் மனநலத்துக்காக நடக்கும் இந்த இல்லத்திலும், ஆலோசகர் ஷோபனா கிந்தி எடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள். யார் சொல்லுக்கும் அடங்காத பழைய சிப்பாய்கள்கூட அதற்கு மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிடுவார்கள்.

"எல்லாரும் இருக்கீங்க" என்றாள் ஷோபனா, தலையை நிமிர்த்தாமலே.

இளங்கோவன் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. வந்து மூன்று மாதமாகிறது. அவனை அழைத்துப்போக மனைவி கமலா இன்று ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். காதில் குரல் கேட்கிறது என்று வாயைத் திறந்தால் ஷோபனா அனுப்பமாட்டாள். மலைப்படியில் காவடி மேளம் இறங்கிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியே கற்பூர வாசனை வந்தது, அதற்கு அடியில் மெதுவாக, பட்டாளத்தில் அவன் இருந்த பனிமலைக் காவல் சாவடியில் எரிந்த மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும் வந்தது.

"இளங்கோவண்ணா, ஊட்டுக்குப் போறீங்க. மனசுல மிச்சம் ஏதாச்சும் இருந்தா எறக்கி வச்சுட்டுப் போங்க."

இருந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு அந்தச் சாவடியில், மச்சான் முறை கொண்டாடி அவனை 'பாவா' என்று கூப்பிடும் அம்மையார்குப்பத்துத் தணிகைமணி அவன் காதோடு சொன்னான்: "பாவா, போன் சிக்னல் கெடைக்கிற எடம் வரைக்கும் போய்ட்டு வந்துடுறேன். கிந்தியில எனக்கும் சேத்து கொரல் குடுத்துடு." இளங்கோவன் தன் "சே"வைச் சொன்னான், பிறகு குரலை மாற்றி "சாத்" என்றான். கணக்கு சரியாக இருந்ததால் யாரும் தேடிப்போகவில்லை. காலையில்தான் தணிகைமணியைப் பனியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். இதை அவன் கமலாவிடம்கூடச் சொன்னதில்லை.

"ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றான். சொன்னதற்கு வெட்கமாக இருந்தது.

பையை எடுக்க மாடி அறைக்குப் போனான். பை இல்லை. வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்துவைத்திருந்த நீலச் சட்டையும் இல்லை. மண்ணெண்ணெய் வாடை மட்டும் மூக்கை அடைத்தது. பின்னால் கதவு மூடிக்கொண்டது.

தாழ்ப்பாளைப் பிடித்தான். ஐஸ். விரல் அதில் ஒட்டிக்கொண்டது, இழுத்ததும் தோல் வந்தது. கதவில் ஓங்கி அடித்தான். சத்தமே எழவில்லை, மெத்தையில் குத்துகிற மாதிரி.

கீழே ஆட்டோ நின்றது. "வந்துகினே இருந்தேம்மா, காவடி கும்பல்ல மாட்டிகினேன். எங்க அவரு?" கமலாதான்.

"கமலா!"

வாயிலிருந்து வெள்ளை மூச்சு மட்டும் வந்தது.

வீட்டுக்குப் போகிறவரையும் சேர்த்து வாசலில் கடைசியாக ஒரு கிந்தி எடுப்பது இல்லத்து வழக்கம். ஆரம்பித்துவிட்டார்கள். ஏக். தோ. தீன். ஐந்தாவது குரலும் முடிந்தது. அடுத்தது அவன். கத்தினான். மூச்சுதான். கீழே யாரும் பேசவில்லை. ஆள் குறைகிறது. தேடுவார்கள். மாடிக்கு வருவார்கள். வந்தே ஆகவேண்டும்.

"சே."

அவனுடைய குரல்.

"எல்லாரும் இருக்கீங்க" என்றாள் ஷோபனா.

ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தினான். ஆட்டோ அருகே அவன் நீலச் சட்டையில் ஒருவன், அவன் பையோடு, முதுகைக் காட்டி நின்றான். தோளெல்லாம் வெள்ளை.

"கோயிலுக்குப் போயிருந்தீங்களா? இன்னா இவ்ளோ விபூதி!" கமலா சிரித்துக்கொண்டே தட்டிவிட்டாள்.

அது உதிரவில்லை. அவள் உள்ளங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி, அந்தத் தோளிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.