இரண்டாம் தண்ணீர்

திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு, யாரும் எந்தக் குழாயையும் திறக்காதபோது, பம்ப் ஓடியது.

கட்டிலுக்கு அடியில் இருக்கிற கைப்பிடி அளவு பம்ப் அது. அவர்கள் குடியிருக்கிற சக்கர வீடான டிரெய்லருக்குள் எங்கே குழாயைத் திறந்தாலும் உறுமும், மூடினால் அடங்கும், வேறு வேலை அதற்குத் தெரியாது. டார்லா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பாலைவனத்துப் புதர்களின் தார் வாசனையும், பக்கத்து டிரெய்லர்க்காரர் மூட்டிய விறகுப் புகையும் வந்துகொண்டிருந்தன. பம்ப் பத்து விநாடி உறுமி நின்றது. சமையல் தொட்டிக் குழாய் காய்ந்திருந்தது. குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் திறந்திருக்கவில்லை.

குழாய் திறக்காமல் பம்ப் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இதைச் சொல்லித்தான் அவள் கணவன் வெண்டல் பிழைக்கிறான். குளிர்காலத்தை அரிசோனா வெயிலில் கழிக்க வடக்கேயிருந்து வந்து இறங்குகிற ஆயிரக்கணக்கான டிரெய்லர்களில் எவருடைய குழாய் ஒழுகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் அன்று கைகழுவிக்கொண்டே சொன்னான்:

"குளிருக்குப் பைப் சுருங்குது. விடு."

"விடறதா? அடுத்தவன் வீட்டுப் பம்ப் இப்படி ஓடினா வயித்துல ஊர்ந்து போயாவது பாப்பே. நம்ம வீடுன்னா விடறதா?"

"விடுன்னு சொன்னேன், டார்லா."

அவன் குரல் உயரவில்லை. அவளிடம் அவன் குரல் உயர்ந்ததே இல்லை. தாழ்ந்ததும் இல்லை. மூன்று வருஷக் கல்யாணத்தில் அவளுக்கு வாய்த்தது தபால்காரரிடம் காட்டுகிற மரியாதைதான்.

செவ்வாய்க்கிழமை அவன் வெளியே போனதும், அவனோடு சுற்றிக் கற்ற வேலையைத் தானே செய்தாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஷவர் வரை, நீலக் குழாய், சிவப்புக் குழாய் என்று ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் கழிப்பறைத் தாளைக் கிழித்து வைத்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். நாலு மணிக்குப் பம்ப் உறுமியது. பத்து விநாடி. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்தாள். அத்தனையும் உலர்ந்திருந்தன. குளியலறையில் மட்டும் லேசாகப் பச்சை ஆப்பிள் வாசனை அடித்தது. வாசனைச் சோப்பு பட்டால் டார்லாவுக்குத் தடித்துவிடும், அதனால் அந்த வீட்டுக்குள் அப்படி ஒன்று வந்ததே கிடையாது.

இத்தனை நாள் இதை எப்படிக் கேட்காமல் இருந்தோம் என்று யோசித்தாள். பதில் சுலபமாக இருந்தது. தினமும் மூன்றே முக்காலுக்கு வெண்டல் அவளைச் சீட்டாட அனுப்பிவிடுவான். ஐம்பதடி தள்ளி இர்மாவின் டிரெய்லர். இந்த வாரம் இர்மா பல் பிடுங்க யூமா நகரத்துக்குப் போயிருந்ததால்தான் டார்லா வீட்டில் இருந்தாள்.

புதன்கிழமை இர்மா வீங்கிய கன்னத்தோடு திரும்பினாள். சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவள், டார்லா சொன்ன பம்ப் விஷயத்தைக் கேட்டதும் நிறுத்தினாள்.

"நாலு மணிக்கா?" என்றாள். "நாலு மணின்னா ஓப்பல் குளிக்கிற நேரமாச்சே."

ஓப்பல் வெண்டலின் முதல் மனைவி. நாலு குளிர்காலத்துக்கு முன்னால் இதயம் நின்று செத்தாள் என்பது மட்டும் டார்லாவுக்குத் தெரியும். வெண்டல் அதற்குமேல் சொன்னதில்லை.

"இடுப்பு வரைக்கும் சிவப்பு முடி அவளுக்கு. வெயில் சாய்றதுக்குள்ள காயணும்ல. உனக்குத் தெரியாததா, சுமந்து வர்ற தண்ணி தீராம இருக்க இங்க எல்லாரும் குளிக்கிற குளியல்தான். முதல் தண்ணியில நனைஞ்சிட்டு, மூடிட்டு, சோப்பு போட்டு, ரெண்டாம் தண்ணியில கழுவிக்கிட்டு வெளிய வரணும். வெண்டல் துண்டை வச்சுக்கிட்டு கதவுக்கு வெளிய நிப்பான். நாங்கல்லாம் கேலி பண்ணுவோம், மாப்பிள்ளை காவல் நிக்கிறாருன்னு."

"அப்புறம்?"

"அன்னைக்கு முதல் தண்ணி ஓடிச்சு. ரெண்டாம் தண்ணி ஓடவே இல்ல. 'என்ன கண்ணு, இன்னுமா தேய்க்கிறே'ன்னு இவன் கிண்டல் வேற பண்ணிட்டு நின்னிருக்கான். அரை மணி கழிச்சுத்தான் கதவை உடைச்சான். தலை பூரா நுரையோட கிடந்தா. பாவம், கழுவிக்கக்கூட இல்ல." இர்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "எங்க டார்லா போற? இன்னும் சீட்டே போடலையே."

டார்லாவுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் காதில் ஒட்டிக்கொண்டது 'கண்ணு' என்ற ஒரு சொல். அப்படியொரு சொல் அந்த வாயில் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்குச் சீட்டாடப் போவதுபோல் இறங்கி, புதர்களைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, சமையல் பக்க ஜன்னலின் ஓரத்தில் நின்று உள்ளே பார்த்தாள். வெண்டல் சட்டை மாற்றியிருந்தான். முடியை நனைத்து வாரியிருந்தான். மடித்த துண்டு கையில் தொங்க, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். பம்ப் உறுமியது, நின்றது. அவன் கன்னத்தைக் கதவில் வைத்துக்கொண்டு என்னவோ மெல்லப் பேசினான், பேசிவிட்டுப் பதில் வரட்டும் என்று காத்திருந்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்த முகத்தை டார்லா பார்த்ததே இல்லை. களைத்த முகம் தெரியும், சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்கிற முகம் தெரியும். அவள் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது கஞ்சி ஊட்டிய முகம்கூடத் தெரியும், அது கடமையின் முகம். இதை அவன் தினமும் நாலு மணிக்கு வேறொருத்திக்கு எடுத்து வைத்திருந்திருக்கிறான்.

பேய் என்ற எண்ணம் வந்தது. ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வயிறு பற்றி எரிந்தது. செத்தவளுக்கு இவ்வளவு, சமைத்துப் போடுகிறவளுக்கு ஒன்றுமில்லை. தொட்டிக்குத் தண்ணீர்கூட அந்தச் செத்தவளுக்காகத்தான் சுமந்து வந்து ஊற்றுகிறான் போலிருக்கிறது!

வெள்ளிக்கிழமை விடியற்காலைக் குளிரில் தூரத்து முகாமில் யாருக்கோ குழாய் வெடித்துவிட்டது. வெண்டல் போக மனமில்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்பினான்.

"நாலுக்குள்ள வந்துருவேன். நீ இர்மா வீட்டுக்குப் போயிடு, என்ன?"

"போறேன். நீ அவசரப்படாம வா."

மூன்று மணிக்கு அவள் சமையல் பக்கச் சுவரில் இருந்த பம்ப் சுவிட்சை அணைத்து, கருவிப் பெட்டியோடு குளியலறையில் மண்டியிட்டாள். கழுவு தொட்டிக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றினாள். ஷவருக்குப் போகிற இரண்டு குழாய்கள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. வெட்டுக்கத்தியை வைத்து அழுத்தினாள். மிச்சத் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது, வெந்நீர் வரவேண்டிய சிவப்புக் குழாயிலிருந்து வந்த தண்ணீரும் பனிக்கட்டியாக இருந்தது. இரண்டு வாய்க்கும் மூடி போட்டு, பித்தளை வளையம் மாட்டி, இடுக்கியால் இறுக்கினாள். ஒரு ஒழுகலை அடைத்தால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மற்ற இணைப்புகளையும் ஒருமுறை இறுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். அதிலிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. பம்ப் ஒருதரம் உறுமி, அழுத்தம் ஏறி, நின்றது. மறுபடி போய் மண்டியிட்டு மூடிகளுக்கு அடியில் தாள் வைத்தாள். உலர்ந்தே இருந்தது. வெண்டலே செய்திருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

"கழுவாமலே கிட," என்று உரக்கச் சொன்னாள். "என் வீட்டுல உனக்குத் தண்ணி இல்ல."

நாலு மணி ஆயிற்று. பம்ப் ஓடவில்லை.

நாலு அடித்து ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். காற்றுகூட நின்றிருந்தது. டார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. மண்டியிட்டபடியே பலகையைத் திரும்ப மாட்டக் கையை நீட்டினாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டிரெய்லர் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, கதவு தானாகச் சாத்துவது புதிதல்ல. எழுந்து கைப்பிடியைத் திருகினாள். திருகியது. கதவு வரவில்லை. தோளால் இடித்தாள். வரவில்லை.

பச்சை ஆப்பிள் வாசனை. லேசாக அல்ல. மூச்சு முட்டுகிற அளவுக்கு.

உச்சந்தலையில் குளிர்ந்தது. கையை வைத்தாள். ஈரம். விரல்களுக்கு நடுவே வழுவழுப்பு. கையை முகத்துக்கு முன்னால் கொண்டு வந்தாள். நுரை. தலை முழுக்க நுரை. காதில் இறங்கியது. நெற்றியில் இறங்கியது. வழித்து எறிந்தாள். எறிந்த இடத்தில் மறுபடி பொங்கியது. கண் எரிந்தது.

கழுவு தொட்டிக் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

வெளியே சரளைக்கல்லில் வண்டிச் சக்கரம். வெண்டல். படியேறுகிற காலடி. கதவை அறைந்தாள். கை கதவில் படுவது தெரிந்தது, சத்தம் எழவில்லை. வெண்டல் என்று கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் நுரை. நாக்கில் கசப்பு.

அப்போது பம்ப் ஓடியது.

சமையல் பக்கம். பத்து விநாடி அல்ல. நீளமாக. ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். கோப்பையில் மொண்டு ஊற்றுகிற சத்தம்.

"கண்ணைத் தொறக்காத. எரியும்," என்றான் வெண்டல்.

கதவில் காற்றுக்காக வைத்த இடுக்குகள் இருந்தன. டார்லா எரிகிற கண்ணை அதில் வைத்தாள்.

சமையல் தொட்டிமேல் ஒரு பெண் குனிந்திருந்தாள். டார்லாவின் நீல ஸ்வெட்டர். டார்லாவின் கட்டை நரைமுடி. வெண்டல் ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கி, மறு கையால் தண்ணீர் ஊற்றினான். நுரை வழிந்து போயிற்று. கடைசி நுரையும் போயிற்று. பெண் நிமிர்ந்தாள். டார்லா தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

வெண்டல் துண்டை விரித்தான். அந்த முகத்தைப் பார்த்தான். அந்தச் சிரிப்போடு. மூன்று வருஷம் டார்லா ஏங்கிய அதே சிரிப்பு, டார்லாவின் முகத்தின் மேலேயே.

"ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டே, ஓப்பல்," என்றான்.

"தண்ணி வரலையே," என்றது டார்லாவின் குரல். பிறகு கையை நீட்டிச் சுவரிலிருந்த பம்ப் சுவிட்சை அணைத்தது. சிவப்பு விளக்கு போயிற்று.

டார்லா ஷவரைத் திருகினாள். மறுபடி திருகினாள். நுரை இமையை மூடிக்கொண்டது. மண்டியிட்டு, தடவித் தடவி, மூடிகளைப் பிடித்தாள். நகத்தால் கீறினாள். பித்தளை வளையம் அசையவில்லை. அடியில் வைத்த தாளைத் தொட்டாள்.

உலர்ந்திருந்தது.