அகராதியில் இல்லாத நீலாக்கா

காலை ஆறு மணிக்குப் பழவேற்காட்டில் வீட்டுக்கு வீடு தொண்டை செருமும் சத்தம் கேட்கும். தொடக்கத்தில் சுகாதார நிலையத்துக்காரர்கள் பயந்துபோய் முகாம் போட்டு, ஆளுக்கொரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்தார்கள். ஊர் அதை மறுக்காமல் வாங்கிக் குடித்தது. ஆனால் அது இருமல் அல்ல, டச்சு மொழி. அதில் ஓர் எழுத்து, தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை வெளியே தள்ளுவதுபோல அடியிலிருந்து வர வேண்டும்.

தனவேலுக்கு நாற்பத்தாறு வயது. படகு எஞ்சின் மெக்கானிக். ஆறு அடிக்கும்போது சமையலறைச் சுவரில் பதித்திருக்கும் குரற்பேழைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான். பக்கத்தில் மனைவி அஞ்சலாட்சி தாளித்துக்கொண்டிருப்பாள்.

"ஹூடமோர்ஹன், நீலாக்கா."

"இன்னும் செருமு," என்று பேழை டச்சில் சொல்லும். "நீ காலை வணக்கம் சொல்லவில்லை. கொஞ்சுகிறாய்."

பேழையில் இருந்தவளின் பெயர் நேல்ட்யே. முதல் வாரமே அஞ்சலாட்சி அதை நீலா என்று ஆக்கி, செத்தபோது எழுபத்தொரு வயது என்பதால் மரியாதைக்கு ஓர் அக்காவும் சேர்த்துவிட்டாள். உயிரோடிருந்த காலத்தில் நீலாக்கா ஒரு வாய்க்கால் பாலத்தை இயக்கியவள். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவாள், போனதும் இறக்குவாள். முப்பத்தெட்டு வருடம் அதுவே வேலை. டச்சு நாட்டிலிருந்த அவள் ஊர் கடலில் மூழ்குவதற்கு முன் முதியோர் விடுதியில் ஆறு மாதம் உட்கார்ந்து பேசிப் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மிச்சத்தை எந்திரம் இட்டு நிரப்பியது. எது அவள் பேச்சு, எது எந்திரத்தின் பேச்சு என்று கேட்டால், பேழையைப் பதித்துவிட்டுப் போன டச்சு மொழி வாரியத்தின் துண்டறிக்கை, 'பயனாளிகள் இதுகுறித்துக் கவலைகொள்ளத் தேவையில்லை' என்று சொல்லும்.

பாடத்துக்கு நடுவே சில நாள் அவள் நிறுத்திவிடுவாள்.

"எங்கள் ஊரில் இப்போது தண்ணீர் எவ்வளவு?"

தனவேல் கைப்பலகையில் பார்த்துச் சொல்வான். "ஒன்பது மீட்டர்."

"என் வீட்டு மாடிப் பரணே ஏழு மீட்டர்தான்," என்பாள். பிறகு வினைச்சொற்களுக்குத் திரும்பிவிடுவாள்.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டுக்கு வந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கோட்டையும் கல்லறையும் கட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாவது தடவை கடல்மதில் கட்டினார்கள். அதற்குள் அவர்கள் நாடே தண்ணீருக்குள் போயிருந்தது. ஆட்கள் பத்து நாடுகளில் சிதறி, அந்தந்த நாட்டு மொழியில் கத்தரிக்காய் வாங்கப் பழகிவிட்டார்கள். கையில் மிஞ்சியவை இரண்டு: கடலை நிறுத்தும் வித்தை, செத்தவர்களின் குரல்கள். ஆகவே ஒப்பந்தம் எளிமையாக இருந்தது. நாங்கள் உங்கள் கடலை நிறுத்துகிறோம், நீங்கள் எங்கள் மொழியை வாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஒருவர் மொழித்தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறினால் மதிலுக்கு உள்ளே, உட்கரையில், அந்த வீடு நிலைக்கும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் கவிழ்ந்தால் குடும்பத்தோடு வெளிக்கரை. அங்கே கால்தூக்கிய தகர வீடுகள் உண்டு. ஐப்பசியில் கடல் சொல்லிக்கொள்ளாமல் உள்ளே வரும், போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போகும்.

தனவேல் இரண்டு தடவை கவிழ்ந்திருந்தான்.

எதிர்வீட்டு கபீர் பாய் நான்கு வருடத்துக்கு முன்பே முதல் வகுப்பில் தேறியவர். பேருந்து நிலையத்தில் அவர் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதன் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு டச்சுச் சொல் வந்ததில்லை. காலை ஆறு மணிக்கு அணைந்துபோன பேழைக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பார். "தேறிட்டாருல்ல, தலைக்கனம்," என்றது ஊர்.

இரண்டாம் தோல்வியின் மதிப்பெண் இருநூற்றுக்கு அறுபத்து நான்கு. தேற நூற்றிருபது வேண்டும்.

"அறுவத்து நாலா?" என்றாள் அஞ்சலாட்சி. "ஆறு வருசமா காலங்காத்தால என் காதுல ஈயத்தக் காச்சி ஊத்திக்கினு இருக்க. வெறும் அறுவத்து நாலா?"

"கூட்டல்ல தப்பு இருக்கும்."

"அப்ப மறுகூட்டல் போடு."

மதிப்பெண் குறைந்தால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிப்பது நம் ரத்தத்தில் ஊறியது. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும், டச்சுத் தேர்வு எழுதிய எவரும், விடைத்தாள் நகல் கேட்டு மனுப் போட்டதில்லையாம். வாரியத்திடம் அதற்குப் படிவமே இல்லை. தனவேல் குறைதீர் நாளில் மூன்று தடவை நின்றான். கடைசியில் அவன் தொல்லை தாங்காமல் நகலை அனுப்பிவிட்டார்கள்.

கூட்டலில் தவறில்லை. ஆனால் அவன் பேசிய பேச்சின் எழுத்துப்படியில் ஆங்காங்கே சிவப்புக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டே வார்த்தை: சொல் இல்லை.

எண்ணினான். முப்பத்தொன்று. இல்லாத சொல் ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண் கழிவு. அறுபத்து நான்கோடு அறுபத்திரண்டைக் கூட்டிப் பார்த்தான். மெக்கானிக்குக்குக் கூட்டல் வரும். நூற்றிருபத்தாறு.

கோடிட்ட சொற்கள் எல்லாம் நீலாக்கா சொல்லிக்கொடுத்து அவனுக்குப் பழகியவை. 'ப்ளோம்மர்' என்றால் சாப்பிட்டு முடித்ததும் எழ மனமில்லாமல் கிடக்கும் கிடை. 'தோக்கெர்' என்றால் எல்லோரும் ஆசைப்பட்டு, எல்லோரும் மரியாதைக்கு விட்டுவைத்து, தட்டில் அனாதையாகக் கிடக்கும் கடைசி வடை. 'ஸ்டூப்லிங்' என்றால் விடைபெற்ற பிறகும் போகாமல் வாசலில் நின்று பேசும் அரைமணி நேரப் பேச்சு. அவன் வீட்டில் தினமும் புழங்கும் சொற்கள். ஒன்பது வயது மகள் இதழினி தோக்கெரை எடுத்துவிட்டு ஓடாத நாள் கிடையாது. அவற்றில் ஒன்றுகூட டச்சு இல்லை.

மறுநாள் ஆறு மணிக்கு அவன் வணக்கம் சொல்லவில்லை.

"முப்பத்தோரு சொல்," என்று டச்சில் ஆரம்பித்தான். கோபத்துக்கு டச்சு போதவில்லை, தமிழுக்கு மாறினான். "எதுக்குக்கா இப்டி பண்ண? வூடு போயிடும். இன்னும் ஒரு வாட்டிதான் கீது. அந்தப் பொண்ண இட்டுக்கினு தகரக் கொட்டாய்ல போய்க் கெடக்கச் சொல்றியா?"

பேழை பதில் சொன்னது. அஞ்சலாட்சியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஏனென்றால் அது தமிழில் பேசியது. அதுவும் அச்சு அசலாக அஞ்சலாட்சியின் தமிழில்.

"கத்தாதய்யா. கொழந்த தூங்குது."

ஆறு வருடம் சமையலறைச் சுவரில் இருந்து கேட்டுக் கேட்டு, செத்தவள் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். உயிரோடிருப்பவனுக்கு இன்னும் டச்சு வரவில்லை. அவளுக்கு யாரும் தேர்வு வைக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"ஒப்பந்தத்துல ஒம்போதாவது பிரிவு படிச்சியா?" என்றாள் நீலாக்கா.

யார் படித்தார்கள்? நாற்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இடம் மட்டும்தான் அவன் பார்த்தது.

"நீ தேறிட்டா என்ன அணைச்சிருவாங்க. ஒரு கொரலுக்கு ஒரு வாரிசு. வாரிசு தயாராயிட்டா சர்வர்ல அந்த எடம் வேற ஆளுக்கு."

"நீ வேற யாருக்காவது சொல்லிக் குடுக்கப் போவன்னு நெனச்சேன்," என்றான் தனவேல்.

"அப்டித்தான் எல்லாரும் நெனைக்கிறது. பயமா இருந்துச்சிய்யா," என்றாள். "ஒருவாட்டி செத்தது தெரியல, தூக்கத்துல போயிடுச்சி. இந்தவாட்டி தேதி போட்டு வருது. அதான் ரெண்டு சொல்லு தப்பா சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியல. அந்தச் சொல்லெல்லாம் நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்க. கேக்க நல்லாருந்துச்சி."

அஞ்சலாட்சி கரண்டியை எடுத்துக் கழுவினாள். கழுவிய கரண்டியை இன்னொரு முறை கழுவினாள்.

"தேர்வு என்னிக்குன்னு கேளு," என்றாள், பேழையைப் பார்க்காமல்.

"நாப்பது நாளு," என்றாள் நீலாக்கா. பிறகு தனவேலிடம் டச்சில் சொன்னாள்: "நோட்டை எடு. முப்பத்தொன்றையும் திருத்துவோம்."

அந்த நாற்பது நாளில் அவள் ஒரு தவறும் சொல்லவில்லை. தட்டில் கிடக்கும் கடைசித் துண்டுக்கு டச்சில் தனிச் சொல் இருப்பதாகத் தனக்குத் தெரியாது, 'கடைசித் துண்டு' என்றே சொல் என்றாள். பலதுக்கும் அப்படித்தான். ஒற்றைச் சொல்லில் இருந்ததை நான்கு சொல்லில் நீட்டிச் சொல்ல அவன் பழகினான். ஊரின் தண்ணீர் மட்டத்தை அவள் அதன் பிறகு கேட்கவில்லை. அவனாகவே ஒரு நாள் சொன்னபோது, "அது இருக்கட்டும், இறந்தகாலத்தைச் சொல்லு," என்றாள்.

பொன்னேரித் தேர்வு மையத்தில் பெல்ட்டுக்கு அனுமதி இல்லை. ஒளி ஊடுருவும் பை, நுழைவுச்சீட்டு, புகைப்படம் இரண்டு. நாற்பது பேர் நாற்பது தடுப்புகளுக்குள் காதில் கேட்பொறி மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாசித்தல், எழுதுதல், உரையாடல் எல்லாம் முடிந்தது. கடைசிப் பகுதியை மேற்பார்வையாளர் அம்மாள் அறிவித்தார்.

"பகுதி ஐந்து. மரபுக்குரலிடம் விடைபெறுதல். ரெண்டு நிமிஷம், பத்து மதிப்பெண். நீங்க பேசறத குரல் கேட்கும், பதில் சொல்லாது. முடிஞ்சதும் யாரும் கேட்பொறியத் தட்டிப் பாக்காதீங்க. ரிப்பேர் இல்ல."

இந்தப் பகுதிக்கு கைடில் விடை இருந்தது. பன்னிரண்டு வரி. எல்லோரும் மனப்பாடம் செய்திருந்தார்கள், தனவேலும்தான். மணி அடித்ததும் முப்பத்தொன்பது பேர் ஒரே குரலில், ஒரே ஏற்ற இறக்கத்தில், முப்பத்தொன்பது செத்தவர்களிடம், 'தங்கள் அரிய சேவைக்கு என் இதயங்கனிந்த நன்றி' என்று டச்சில் சொல்லத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுப்பதுபோல் இருந்தது.

தனவேலுக்கு முதல் வரி வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினான்.

"நீலாக்கா," என்றான் டச்சில், "நாம் கொஞ்ச நேரம் ஸ்டூப்லிங் போடலாமா?"

எங்கேயோ ஒரு சிவப்புக் கோடு விழுந்திருக்கும். இரண்டு மதிப்பெண். விழட்டும்.

இதழினிக்குக் கடைவாய்ப்பல் ஆடுகிறது என்று சொன்னான். நேற்று சரிசெய்த எஞ்சின் மறுபடி புகைகிறது, படகுக்காரன் திட்டுகிறான் என்று சொன்னான். காலையில் அஞ்சலாட்சி உன் பேழைக்கு முன்னால் ஒரு டம்ளர் காப்பி வைத்தாள், ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை என்று சொன்னான். இலக்கணம் சரியாக இருந்ததா என்று அவன் யோசிக்கவில்லை. அந்த ஆறு வருடத்தில் அப்படி யோசிக்காமல் அவன் டச்சு பேசியது அதுவே முதல் தடவை.

கடிகாரத்தில் நான்கு விநாடி பாக்கி.

"போயிட்டு வரேன்க்கா," என்றான், தமிழில்.

பதில் சொல்லக் கூடாது என்பது விதி. கேட்பொறிக்குள், மிக அருகில், "ம்," என்று ஒலித்தது. நம் வீட்டில் கதை கேட்பவர்கள் கொட்டுகிற அதே 'ம்'. வாரியத்தின் பதிவில் அது பின்னணி இரைச்சல் என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

பிறகு ஒன்றும் இல்லை. அவன் கேட்பொறியைத் தட்டிப் பார்த்தான். எல்லோரும் தட்டிப் பார்த்தார்கள்.

நூற்றிருபத்தேழு. வீடு நிலைத்தது. ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அஞ்சலாட்சி இரண்டு நாள் பேழைக்குக் கீழே தாளிக்காமல் அடுப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். மகள் மட்டும் எதுவும் நடக்காததுபோல், "அப்பா ப்ளோம்மர்ல கெடக்குது, எழுப்பாத," என்று வாசலில் வந்தவரிடம் சொன்னாள். உள்ளே படுத்திருந்த தனவேல் சட்டென எழுந்து பேழையைப் பார்த்தான். சுவரில் அணைந்த பெட்டிதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணி. தனவேலுக்குச் செய்ய ஒன்றுமில்லை. வாசலுக்கு வந்து நின்றான். செருமல் சத்தம் முன்னைப்போல் தெருமுழுக்க இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். அங்கொன்று இங்கொன்று. தேறியவர்கள் வீடுகளில் எல்லாம் அமைதி. வாரியத்தின் கணக்குப்படி ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் தரச்சான்று பெற்ற டச்சுக்காரர்கள். ஒருவரோடு ஒருவர் அதில் பேசியதில்லை. பேச வேண்டிய ஆள் போய்விட்ட பிறகு அது யாரோடு பேசும் மொழி?

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கபீர் பாய் தெருவைத் தாண்டி வந்து படியோரம் நின்றார்.

"உங்க ஆளு ஏதோ தப்பா சொல்லிக் குடுத்துச்சாமே?"

"ஆமா பாய். முப்பத்தொண்ணு."

கபீர் பாய் தலையாட்டினார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"என்னோடவரு இஸ்கூல் வாத்தியாரா இருந்தவரு. ரொம்ப நேர்மையான மனுசன். மூணு வருசத்துல ஒரு சொல்லு தப்பா சொன்னதில்ல." எதிரே இருந்த தன் வீட்டின் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். "எல்லாம் புஸ்தகத்துல கீதுய்யா. எந்தச் சொல்ல எடுத்தாலும் புஸ்தகத்தோடதாத்தான் கீது. அவரோடதுன்னு ஒண்ணுகூட இல்ல. அதான் வாயத் தொறக்கறதில்ல."

தனவேல் படியிறங்கி அவர் பக்கத்தில் வந்தான். இருவரும் நின்றார்கள். மதிலுக்கு அப்பால் கடல் ஒரு தடவை மோதியது. கபீர் பாய் கிளம்புவதாகச் சொன்னார், ஆனால் கிளம்பவில்லை. எஞ்சின் புகைவதைப் பற்றிக் கேட்டார். தனவேல் சொன்னான். மறுபடி கிளம்புவதாகச் சொன்னார்.

"பாய், போறேன் போறேன்னு நின்னு பேசறோமே, இதுக்கு ஒரு சொல்லு கீது."

"இன்னா?"

சொன்னான்.

கபீர் பாய் நான்கு வருடமாக டச்சுக்கு மூடியிருந்த வாயை மெதுவாகத் திறந்தார். "ஸ்டூப்லிங்," என்றார். நல்ல உச்சரிப்பு. முதல் வகுப்பு. இன்னொரு தடவை, தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிப் பார்த்தார்.

"இது எங்க நீலாக்காவோடது," என்றான் தனவேல். "இன்னும் முப்பது கீது. சொல்லட்டா?"

கபீர் பாய் அவசரமாகக் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒரே நாள்ல சொல்லிடாதய்யா," என்றார். "நாளைக்கு ஒண்ணு குடு."