காணாமல் போன லிஃப்ட் மெக்கானிக்

"நாளைக்குக் காலையில எனக்குப் பதிவுக் கல்யாணம் சார். மாப்பிள்ளையைக் காணோம்."

வாசலில் நின்றபடியே சொன்ன பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மருந்துக்கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். எல்லோரும் 'புயல்' என்று கூப்பிடும் அவருடைய பெண் உதவியாளர் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். முந்தாநாள் வேலையில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டும் ஊன்றுகோலுமாக ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ ஏறியவர். அதன்பிறகு ஆளும் இல்லை, போனும் எடுக்கவில்லை.

"கால் உடைஞ்சதே இப்பத்தான் அவர்கூட வேலை செய்யறவர் சொல்லித் தெரியும். அக்காகிட்டகூடச் சொல்லாம நேரா இங்க வரேன்."

"அக்காவுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமா?"

அவள் விரல்களைப் பிசைந்தாள். "அப்பா அம்மா போனப்புறம் என்னை வளர்த்ததே அவதான். எங்க கட்டடத்து லிஃப்டைப் பாக்க வர்றவர் முதல்ல அக்காகூடத்தான் மணிக்கணக்காப் பேசிட்டிருப்பார். அவளுக்கும் அவர்மேல ஆசைதான். தெரிஞ்சேதான் நானும் ஆசைப்பட்டேன். அக்கா மறுபேச்சுப் பேசாம விட்டுக்கொடுத்துட்டா. சார், அவரை அக்காவே ஏதாச்சும் பண்ணியிருப்பாளோன்னு தோணுது. இப்படி நினைக்கிற நானெல்லாம் மனுஷியா?"

சகோதரிகள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஆறு மாடியும் படியேறினார்கள். மேலே துப்பறிவாளர் மூச்சு வாங்குவதுபோல் வராந்தாச் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தார். தூசியில் காசளவு வட்ட அச்சுகள் லிஃப்டிலிருந்து சகோதரிகளின் வாசலுக்கும், அங்கிருந்து எதிர்வீட்டுக் கதவுக்கும் போயின. திரும்பி வந்ததாக ஓர் அச்சும் இல்லை. எதிர்வீட்டார் வெளிநாட்டில் இருப்பதாகவும், அவர்களுடைய செடிகளுக்கு அக்காதான் தண்ணீர் ஊற்றுவதாகவும் தங்கை சொன்னாள்.

அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கான ரவிக்கை பாதி தைத்தபடி கிடந்தது.

"லிஃப்ட் முந்தாநாள் சாயங்காலம் நின்னது. சரிபண்ற ஆளே காணாமப் போனா யாரைக் கூப்பிடறது?" என்றாள். சிரிக்க முயன்று தோற்றாள். "கட்டுப் போட்ட காலை வச்சுக்கிட்டு எங்க கிடந்து அவஸ்தைப்படறாரோ! இவ அழற அழுகையைப் பாத்தா பெத்த வயிறு பத்தி எரியுது சார்."

புயல் துப்பறிவாளரின் காதருகே குனிந்தார். "பொறாமைதான் சார். ஆளை முடிச்சுட்டாங்க."

"உயிரோடதான் இருப்பார்" என்றார் துப்பறிவாளர். பிறகு அக்காவிடம் திரும்பினார். "எதிர்வீட்டுச் சாவியைக் கொடுங்கம்மா."

தையல் மெஷின் சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே அவள் சுவரிலிருந்த சாவிக் கொக்கியைப் பார்த்தாள்.

"கால் உடைஞ்சது உங்க தங்கைக்கே இப்பத்தான் தெரியும். உங்ககிட்ட யாரும் சொல்லல. அப்ப அவர் இங்க வந்ததை நீங்க பாத்திருக்கீங்க. லிஃப்ட் ஓடினப்ப ஏறி வந்தவர், அது நின்னப்புறம் அந்தக் காலோட ஆறு மாடி இறங்கியிருக்க மாட்டார். ஊன்றுகோல் அச்சும் எதிர்வீட்டோட நின்னுபோச்சு."

புயலே சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார்; மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

மெக்கானிக் காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் ரொட்டியும் மாத்திரையும் இருந்தன. போன் இல்லை.

"கத்தியிருக்கலாமேய்யா!" என்றார் புயல்.

"கத்தினா இவ காதுல விழுமே." அவர் தங்கையைப் பார்க்காமலே சொன்னார். "கீழ விழுந்தப்ப செத்தேன்னு நினைச்சேன். அப்ப கண்ணுல வந்தது உன் முகம் இல்லம்மா. அதைச் சொல்லத்தான் உங்க அக்காகிட்ட வந்தேன்."

"பேசணும்னு இங்க கூட்டிட்டு வந்து, நாளைக்கு இவளுக்கு வாக்குக் கொடுத்தபடி கையெழுத்துப் போடுங்கன்னு கால்ல விழுந்து கெஞ்சினேன்" என்றாள் அக்கா. "முடியாதுன்னார். இவ தாங்கமாட்டாளேன்னு போனை வாங்கிக்கிட்டுப் பூட்டிட்டேன்."

தங்கை மெல்லக் கேட்டாள். "உனக்கு ஆசைப்பட்டது தானா வந்து நின்னிருக்கு. அதைப் பூட்டி வச்சு எனக்குக் கட்டி வைக்கப் பாத்திருக்க. எந்த அக்கா இப்படிச் செய்வா?"

அவள் துப்பறிவாளரைப் பார்த்தாள்.

"அதை அவங்கதான் சொல்லணும்" என்றார் அவர். "ஆனா 'பெத்த வயிறு'ன்னு ஒரு அக்கா வாயில வராதும்மா."

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "பதினாறு வயசுல பெத்தேன். உன்னைப் பெத்தவன் திரும்பிப் பாக்கல. அம்மாதான் தன் பிள்ளைன்னு ஊர்வாயை மூடினா. சாகும்போது என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சுடி."

தங்கை "அக்கா" என்று தொடங்கி நிறுத்தினாள். வேறு சொல் எதுவும் வாயில் வரவில்லை. தங்கள் வீட்டுக்குள் போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழிட்டாள். அக்கா பின்னாலேயே ஓடி, அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். தட்டவில்லை.

துப்பறிவாளரும் புயலும் ஆளுக்கொரு தோள் கொடுத்து மெக்கானிக்கைப் படியில் இறக்கினார்கள்.

"இனி என்ன சார் ஆகும்?"

"தெரியலம்மா. அவர் காலைப் பாத்து."

நாலாவது மாடியில் மூவரும் நின்று, மேலே தாழ் திறக்கும் சத்தம் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டார்கள். வரவில்லை. மறுபடி இறங்கத் தொடங்கினார்கள்.