எதுல முப்பத்தொண்ணு?

“ஐயோ...!”

மூன்றாவது மாடியிலிருந்து வந்தது அலறல்.

எரிசக்திப் புள்ளிவிவர அலுவலகம் அப்போதுதான் திறந்திருந்தது. மேஜை மீது கவிழ்ந்து கிடந்தார், ராத்திரி வேலை என்று அங்கேயே தங்கிவிட்ட மூத்த ஆய்வாளர். பக்கத்தில் காலி காபிக் கோப்பை. விஷ வாடை!

அலறியவள் அவர் மனைவி. அதே அலுவலகத்தில் அட்டவணைகளைச் சரிபார்ப்பவள்.

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு தாளோடு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“தற்கொலைக் கடிதம்மா. டைப் பண்ணியிருக்கு. ‘என் அறிக்கை தவறு. எரிவாயுவை நாம் நம்பியிருப்பது முப்பத்தொரு சதவீதம். பக்கத்து நாடு ஐம்பத்திரண்டு. மன்னிக்கவும்.’ அவ்வளவுதான்.”

“இதை அவர் எழுதலை.”

“எப்படிச் சொல்றீங்க?”

“எதுல முப்பத்தொண்ணுன்னு போடலையே சார்! சதவீதம்னாலே ‘எதுல’ன்னு கேப்பார். ஆபீஸ்ல அவர் பேரே ‘எதுல சார்’! கல்யாணமான புதுசுல ‘என்னில் பாதி நீங்க’ன்னேன்... அதுக்கும் ‘எதுல பாதி?’ன்னார்!”

இன்ஸ்பெக்டர் சிரிப்பை மென்று விழுங்கினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதினெட்டு வருஷமாக அவளிடம் பதிலில்லை.

“அப்போ இந்த எண்ணெல்லாம்...?”

“நம்ம முப்பத்தொண்ணு, மொத்த எரிசக்தில. அவங்க அம்பத்திரண்டு, மின்சாரத்துல மட்டும்! ஒரே அளவுல பாத்தா அவங்க வெறும் பதினேழுதான் சார். நாப்பது வருஷத்துல அவங்க இருபத்தெட்டுலேர்ந்து இறங்கிட்டாங்க. நாம ஒம்பதுலேர்ந்து ஏறிட்டோம். அவர் அறிக்கை அதைத்தான் சொல்லுச்சு.”

“அது வெளிய வந்தா யாருக்கு ஆகாது?”

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே டைரக்டர்... கையில் அன்றைய உரை!

“பக்கத்து நாடு நம்மளவிட அதிகமா நம்பியிருக்குன்னு சொல்லி, மதியம் புது எரிவாயுக் குழாய்த் திட்டத்தை அறிவிக்கப் போறவருக்கு.”

“என்னம்மா உளர்றே?” டைரக்டர் உள்ளே பாய்ந்து வந்தார்.

இன்ஸ்பெக்டர் உரையைப் பிடுங்கிப் புரட்டினார்.

“அட... அதே முப்பத்தொண்ணு, அதே அம்பத்திரண்டு! நேத்து சாயந்திரம் அவர் ரூமுக்குக் கடைசியா வந்ததும் நீங்கதானாம், வாட்ச்மேன் சொல்றான். ஜீப்ல ஏறுங்க சார், போற வழியில பேசிக்கலாம்.”

“நான் கொல்லலைய்யா! அந்த எண்ணை அவனேதான் மாத்திக் குடுத்தான்!”

யாரும் நம்பவில்லை.

அவள் ஒருத்தியைத் தவிர!

ஜீப் புறப்படும் சத்தம் கேட்டதும் கழிவறைக்குள் போய்த் தாழிட்டாள். கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். காலையில் அவர் மேஜை மீது கிடந்தது. கணவரின் கையெழுத்து.

‘டைரக்டர் ஐந்து வருஷமாக மிரட்டுகிறார். நேற்று எண்ணை நானே மாற்றிக் கொடுத்துவிட்டேன். இனி உன் முகத்தில் விழிக்க முடியாது. போகிறேன்.’

அவரிடம் அவள் நேசித்தது அந்த நேர்மை ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் சகித்துக்கொண்டாள். அதையும் கொடுத்துவிட்டா போனார்...!

பறித்தவன் மட்டும் மதியம் கைதட்டல் வாங்குவதா? அதனால்தான் அலறுவதற்கு முன், அவர் கம்ப்யூட்டரிலேயே, டைரக்டரின் எண்களை வைத்து, அந்த இன்னொரு கடிதத்தை டைப் செய்தாள். ஓர் எழுத்துப் பிழைகூட விழவில்லை. அதுதான் அவளையே பயமுறுத்தியது.

தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

சுக்கல்கள் சுழன்றன... உள்ளே போகாமல் மறுபடி மேலே மிதந்தன!

அவள் பல்லைக் கடித்தாள்.

“செத்த பிறகாவது நான் சொல்றதைக் கேளுங்களேன்!”